மௌனத்துக்கு மைக் வேணும்

முப்பது வருஷமா செஞ்சியில மைக்செட் வச்சிருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், எதுவா இருந்தாலும் “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ”ன்னு முதல்ல பேசுறவன் நான்தான். எனக்கப்புறம் பேசுனவங்கள்ல பாதிப் பேரு அந்த அளவுக்குக்கூட விஷயத்தைச் சொன்னதில்ல. ஆனா பேசாம இருக்கிறதுக்கு மைக் கேட்டது இந்த ஒரு குழுதான்.

குழுவோட பேரு ‘செஞ்சி வட்டார வீரத் தியாகியர் நினைவேந்தல் ஒருங்கிணைப்புக் குழு’. நம்ம கோட்டைக்கு உலக அளவுல பேரு கெடைச்சதுலேர்ந்து தெருவுக்கு ஒரு குழு மொளைச்சிருக்குது. தேசிங்கு ராஜாவை ஒரு தெருக்காரங்க எடுத்துக்கினாங்க. அவரு குதிரையை ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க எடுத்துக்கினாங்க. இவங்களுக்கு மிச்சம் யாரும் இல்ல. சின்ன வயசுல சண்டையில செத்த வேற ஆளு யாராச்சும் இருக்கிறாங்களான்னு தேடுனாங்க. வெற்றிவேல் ஆப்பிட்டான்.

வெற்றிவேல் எங்க தெருப் பையன். பட்டாளத்துல சேர்ந்து, எண்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரி பதினேழு, யாழ்ப்பாணத்துல செத்துட்டான். வயசு இருபத்திரெண்டு. ஒடம்பு வரல, அங்கயே எரிச்சிட்டாங்க. ஒரு தகரப் பொட்டிதான் வந்துச்சு. அவன் தங்கச்சி வளர்மதி என்கூட ஒன்பதாவது படிச்சிக்கினு இருந்துச்சு. கணக்கு கிளாஸ் நடுவுல வாத்தியாரு, “பையை எடுத்துக்கினு வூட்டுக்குப் போம்மா”ன்னாரு. எதுக்குன்னு சொல்லல. பாதி நாள் லீவு கெடைச்சிடுச்சுன்னு அது எங்களைப் பாத்து சிரிச்சிக்கினே போச்சு. அதை நெனைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு கஷ்டமா இருக்குது. நம்ம பட்டாளம் அங்க போயி தமிழங்களோடயே போட்ட சண்டை அது; அதைப் பத்திப் பேச அப்ப ஊர்ல யாருக்கும் வாய் வரல. அதனால அவனைப் பத்தியும் பேசல. முப்பத்தெட்டு வருஷம் அப்டியே போயிடுச்சு.

குழுவுக்குத் தலைவர் ரத்னம் நைனார். கடலை எண்ணெய் மில்லு வச்சிருக்கிற சமணக் குடும்பம், ஏழெட்டுத் தலைமுறையா இந்த ஊருதான். பொழுது சாஞ்சா பச்சத்தண்ணி வாயில ஊத்த மாட்டாரு, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடிச்சிடணும். அதிகம் பேச மாட்டாரு. அதனாலயே தலைவரா போட்டாங்க. செயலாளர் தனகோட்டி, ஏதோ ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல தலைமை எழுத்தரா இருந்து ரிடையர் ஆனவரு. ரிடையர் ஆன விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. பொருளாளர் ஃப்ளெக்ஸ் கடை விநாயகம். நான் ஒலி உறுப்பினராம். குறைஞ்சது நாலு பேராச்சும் இருக்கணும்னு என்னையும் சேர்த்துக்கினாங்க.

முதல் கூட்டத்துல அழைப்பிதழ் எழுத ஒக்காந்தாங்க.

“எங்க செத்தாருன்னு போடறது?”ன்னு விநாயகம் கேட்டாரு.

“யாழ்ப்பாணம்”னேன் நான்.

எல்லாரும் வேட்டி அவுந்தவனைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தாங்க.

“காமராஜ், அது ஊர் பேரு இல்லய்யா, பிரச்சனை”ன்னாரு தனகோட்டி. “அதைப் போட்டா இந்தப் பக்கம் ஒருத்தர் கோச்சிக்குவாரு, அந்தப் பக்கம் ஒருத்தர் கோச்சிக்குவாரு. தியாகி எங்க செத்தா இன்னா? செத்தாருங்கிறதுதான் முக்கியம்.”

இதுக்கே மூணு கூட்டம் போச்சு. ‘அயல்நாட்டில்’னு எழுதி, அயல்நாடு தப்பா நெனைச்சிக்கும்னு அடிச்சாங்க. ‘எல்லையில்’னு எழுதி, எந்த எல்லைன்னு எவனாச்சும் கேப்பான்னு அடிச்சாங்க. கடைசியில அச்சானது ‘கடல் கடந்த ஒரு நிலப்பரப்பில்’. கடல்னு வந்துட்டதால, சிறப்பு விருந்தினரா மீன்வளத்துறையில ரிடையர் ஆன பார்த்திபன்னு ஒரு அதிகாரியைக் கூப்பிட்டாங்க. எங்க ஊர்லேர்ந்து கடலுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல ஆவுது. கடலுக்குப் பொருத்தமா வட்டாரத்துல வேற ஆளே இல்லைன்னு தீர்மானம் வேற போட்டாங்க.

அதுக்கப்புறம்தான் குடும்பத்து ஆளுன்னு ஒண்ணு இருக்கணுமேன்னு ஞாபகம் வந்து வளர்மதியைக் கூப்பிட்டு அனுப்புனாங்க. அதைப் பக்கத்துல இருக்கிற வல்லத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் பண்ணுது. வேலை முடிஞ்சி, கையில மஞ்சத்தூள் கறையோட வந்து நாற்காலி நுனியில ஒக்காந்துச்சு.

தனகோட்டி தொண்டையைச் செருமிக்கினு ஆரம்பிச்சாரு. “ஒரு சின்ன சிக்கல்மா. பதினேழாந்தேதி மாசி அமாவாசை. ஊரே மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிடும். ஸ்பெஷல் பஸ்ஸு வுடுவான். நமக்குக் கூட்டம் சேராது. அண்ணன் இறந்த நாளை ஒரு ரெண்டு நாள் முன்னபின்ன வச்சிக்கலாமா? நீங்க சம்மதிச்சா தீர்மானம் போட்டுடலாம்.”

வளர்மதி அவரைப் பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு. “அதை எப்டி சார் மாத்தறது? அவன் அன்னிக்குத்தான செத்தான்?”

“அதுவும் சரிதான்”னு அவரு பெரிய மனசு பண்ணி ஒத்துக்கினாரு.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் சார்”னுச்சு வளர்மதி. ரேஷன் கார்டு கவர்லேர்ந்து மடிச்ச ஒரு கடுதாசியை எடுத்துச்சு. மடிப்பெல்லாம் கிழிஞ்சி டேப்பு ஒட்டியிருந்துச்சு. “சாவறதுக்கு மூணு வாரம் முன்னாடி அவன் எனக்குப் போட்டது. இதுல ஒரு கேள்வி கேட்டிருக்கான். வாட்ச் வாங்கியாரேன்னு ஏமாத்திட்டானேன்னு எனக்குக் கோவம். பரிச்சை முடியட்டும், அப்புறம் பதில் போட்டுக்கலாம்னு வுட்டுட்டேன். அதுக்குள்ள...” கடுதாசியைத் திரும்ப மடிச்சிச்சு. “இதை மைக்குல படிச்சிட்டு பதில் சொல்லணும் சார். ரெண்டு நிமிஷம் போதும். அமாவாசை, செத்தவங்களுக்கு உண்டான நாளுதான? அவனுக்குக் கேக்கும்.”

தனகோட்டி கண்ணாடியைத் தொடைச்சிக்கினாரு. “மூணு ஜெராக்ஸ், அதிகாரி கையெழுத்தோட. பரிசீலிக்கிறோம்.”

அடுத்த வாரம் அது மூணு ஜெராக்ஸும் கொண்டாந்துச்சு, கையெழுத்தோட. செவப்புப் பேனாவை எடுத்துக்கினு ஒக்காந்தாரு மனுஷன். ஒரு மணி நேரம் கழிச்சி தலையைத் தூக்கினாரு.

“வீரம் ஒரு எடத்துலயும் இல்லியேம்மா. தாய்நாடு இல்ல, எதிரி இல்ல. ஆட்டுக்குட்டி வருது. தண்ணி மூணு எடத்துல வருது. பயம் நாலு எடத்துல வருது! தியாகியோட கடிதத்துல பயம் வரலாமா?”

“அவன் எழுதுனது சார் அது.”

“எழுதும்போது அவரு தியாகி இல்லியேம்மா. வெறும் சிப்பாய். தியாகி ஆனப்புறம் எழுதியிருந்தா இப்டி எழுதியிருப்பாரா, நீயே சொல்லு.”

அவரு ஃபைல்லேர்ந்து டைப் அடிச்ச ஒரு தாளை எடுத்துக் குடுத்தாரு. “இதைப் படிச்சிடும்மா. நானே எழுதுனது. கீழ உங்கண்ணன் பேரு போட்டிருக்கேன்.”

வளர்மதி எழுத்துக் கூட்டிப் படிச்சிச்சு. “அன்புத் தங்கையே! கடல் கடந்த இந்நிலப்பரப்பில் நின்று, எந்தன் குருதியின் இறுதிச் சொட்டு வரை...” அதுக்கு மேல போகல. தாளை மேசை மேல வச்சிடுச்சு. “இது யாரோ சார். எங்கண்ணன் இல்ல.”

அப்பதான் ரத்னம் நைனார் வாயைத் தொறந்தாரு. மூணு மாசத்துல அவரு பேசுன முதல் பேச்சு. “ரெண்டு நிமிஷம்தானே கேக்குது. குடுத்துடுங்க.”

தலைவர் உத்தரவு ஆச்சே. நிகழ்ச்சி நிரல்ல ஏறிடுச்சு: பதினாலு, தியாகியின் தங்கை, இரண்டு நிமிடம். பதினைஞ்சு, மௌன அஞ்சலி, இரண்டு நிமிடம். வளர்மதி என்னைப் பாத்து, “மைக்கு நல்லா வையிண்ணா”ன்னுட்டுப் போச்சு. கூடப் படிச்சவன்தான், ஆனா எப்பவும் அண்ணான்னுதான் கூப்பிடும்.

இதுக்கு நடுவுல மௌனத்துக்கு யாரு தலைமைன்னு ஒரு சண்டை. மத்த உரைக்கெல்லாம் ஆள் வந்துட்டாங்க, மௌனம்தான் காலியா இருந்துச்சு. கடைசியில தலைமை ரத்னம் நைனார், முன்னிலை தனகோட்டி, மௌனத்தை முன்மொழிந்து உரை விநாயகம்னு முடிவாச்சு. பேசாம இருக்கிறதைப் பத்தி விநாயகம் பேசுவாராம். கடலை மில்லு வாசல்ல ஒத்திகை வேற வச்சாங்க. முதல் தபா விநாயகத்துக்கு போன் வந்துச்சு. ரெண்டாவது தபா தனகோட்டிக்குத் தும்மல். அதனால தனகோட்டி ஒக்காந்து விதிமுறை எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குனாரு. நாலாவது விதி எனக்கு மனப்பாடம்: ‘மௌனத்தின்போது கை, கால், தலை, கண், புருவம் எதுவும் அசையக்கூடாது. தலைவர் நன்றி கூறும் வரை, எக்காரணம் கொண்டும் எவரேனும் இடத்தை விட்டு நகர்ந்தாலோ, சைகை காட்டினாலோ, அது தியாகிக்கு இழைக்கும் அவமதிப்பாகும்.’

“அந்த ரெண்டு நிமிஷம் மைக்கை ஆஃப் பண்ணிடட்டுமா சார்?”னு கேட்டேன்.

“யோவ், ஆஃப் பண்ணா அதுக்குப் பேரு மௌனமா? கரண்ட் கட்டு! மைக் ஆன்ல இருக்கணும், அதுல சத்தம் வரக்கூடாது. அதுதான்யா மௌனம்.”

சும்மா சொல்லக்கூடாது, அவரு வாழ்க்கையில சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அப்ப எனக்கு அது தெரியல.

பதினேழாந்தேதி வந்துச்சு. பள்ளிக்கூட மைதானத்துல பந்தல். மேடைக்கு எதுத்தாப்புல ராஜகிரி மலை. சொன்ன மாதிரியே ஊரு ஜனமெல்லாம் மேல்மலையனூர் பஸ்ஸுல தொங்கிக்கினு போயிடுச்சு. எரநூறு நாற்காலியில நாப்பது பேரு, அதுலயும் பாதி பஸ்ஸுக்குக் காத்திருந்து காலு வலிச்சி வந்து ஒக்காந்தவங்க. பின்னாடி விநாயகம் அடிச்ச ஃப்ளெக்ஸ். குழுக்காரங்க ஒவ்வொருத்தர் மொகமும் அண்டா சைஸு. வெற்றிவேல் மட்டும் மூலையில, தீப்பொட்டி அளவுக்கு.

“இன்னாய்யா இது?”ன்னு விநாயகத்தைக் கேட்டேன்.

“பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் இருக்குது. பெருசு பண்ணா படம் புள்ளி புள்ளியா ஒடையுது. எங்களுது ஒடையல.”

மூணு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் பார்த்திபன் ஸ்பெஷல் பஸ்ஸுங்க நடுவுல மாட்டிக்கினு அஞ்சு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாரு. வந்தவருக்கு சால்வை, சால்வை போட்டவருக்கு ஒரு சால்வை. அப்புறம் மைக்கைப் புடிச்சாரு. “எனக்கு அந்தத் தியாகியைத் தெரியாது. ஆனால் கடலைத் தெரியும்!”னு ஆரம்பிச்சவரு, இருபத்தஞ்சு நிமிஷம் இறால் வளர்ப்பைப் பத்திப் பேசுனாரு. ‘அன்னார் கடந்து சென்ற அதே கடலில்தான் இன்று நம் இறால்களும்’னு அவரு முடிச்சப்ப கைதட்டல் வந்துச்சு. முடிச்சதுக்குத் தட்டுனாங்க.

தனகோட்டி அறிக்கை படிச்சாரு. அழைப்பிதழுக்கு எத்தினி தபா அச்சாபீஸுக்கு நடந்தாரு, பந்தலுக்கு யாரு யாரு வூட்டுப் படி ஏறினாரு, எல்லாம் வந்துச்சு. கடைசியில குரல் தழுதழுத்துச்சு. “அந்த வீரன் ஒரே நாளில் உயிரைக் கொடுத்துவிட்டான். நானோ மூன்று மாதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்!”

வளர்மதி முதல் வரிசையில அந்தக் கவரை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்துச்சு. நீலக் கலர் புதுப் புடவை. ஒவ்வொருத்தர் பேசி முடிக்கும்போதும் எழுந்துக்கப் பாத்துச்சு. ஒவ்வொரு தபாவும் வேற பேரு கூப்பிட்டாங்க.

மேடைக்குப் பின்னாடி மேசை மேல ரத்னம் நைனாரோட டிபன் கேரியர் இருந்துச்சு. வூட்டுக்காரம்மா சுபா குடுத்து அனுப்புனது. அன்னிக்குப் பொழுது சாயறது ஆறு பதினாலுக்குன்னு தனகோட்டி போன்ல பாத்து வச்சிருந்தாரு. மணி ஆறாச்சு. தனகோட்டி கீழ எறங்கி வளர்மதிகிட்ட வந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்.

“நேரம் இல்லம்மா. தலைவரு பொழுதோட சாப்பிடணும். அதனால பதினாலையும் பதினைஞ்சையும் ஒண்ணா சேர்த்துட்டோம்.”

“அப்டின்னா இன்னா சார்?”

“உன் ரெண்டு நிமிஷமும் மௌன அஞ்சலி ரெண்டு நிமிஷமும் ஒரே ரெண்டு நிமிஷம். நீ மேடைக்கு வந்து மைக்கு முன்னாடி நில்லு. மரியாதையெல்லாம் உனக்குத்தான். பேச மட்டும் வேணாம்.”

இறாலுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் இருந்துச்சு, கூடப் பொறந்தவளுக்கு இல்ல. வளர்மதி மேடை ஏறி மைக்கு முன்னாடி போயி நின்னுச்சு. விநாயகம் மௌனத்தை முன்மொழிஞ்சாரு. மௌனம்தான் பெரிய பேச்சுன்னு அஞ்சு நிமிஷம் பேசுனாரு. எல்லாரும் எழுந்து நின்னாங்க. “மௌனம் தொடங்குகிறது”ன்னாரு தனகோட்டி.

ஒரு பத்து செகண்டு சத்தமில்ல. அப்புறம் கவர் பிரியற சத்தம் நாலு கொழாய் ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு.

“வளரு, நல்லா இருக்கியா?”ன்னு படிக்க ஆரம்பிச்சிச்சு வளர்மதி.

தனகோட்டி மொகம் செவந்துடுச்சு. ஆனா கை ரெண்டும் தொடையோட ஒட்டியிருந்துச்சு. அவரு எழுதுன விதி, அவரே கையெழுத்துப் போட்ட விதி. கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பாத்தாரு, ஆம்ப்ளிஃபயரைப் பாத்தாரு, திரும்பவும் என்னைப் பாத்தாரு. நானும் அட்டென்ஷன்ல நின்னேன். தியாகிக்கு அவமதிப்பு வந்துடக் கூடாதே.

“அப்பாவுக்குக் கால் வலி எப்டி இருக்குது? ஆட்டுக்குட்டிக்கு நீ வச்ச பேரு எனக்குப் புடிக்கல, வேற வை. வாட்ச் மறக்கல, லீவுல வரும்போது வாங்கியாரேன். இங்கயும் செம்மண்ணு, பனமரம், கெணறு. கடை போர்டெல்லாம் தமிழ்லதான் இருக்குது. என்கூட இருக்கிற பஞ்சாப்காரனுக்கு அது எதுவும் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியுது. அதான் கஷ்டமா இருக்குது.

“நேத்து ஒரு வூட்டுல தண்ணி கேட்டேன். தமிழ்ல கேட்டதும் அந்த அம்மா என்னை ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் செம்புல தண்ணி குடுத்தாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. செஞ்சின்னேன். அவங்களுக்கு உன் வயசுல ஒரு பொண்ணு. என்னைப் பாத்து பயந்து கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிச்சு. பயப்படாதம்மான்னு சொன்னேன். இன்னும் பயந்துடுச்சு. எனக்குத் தண்ணி எறங்கல.

“வளரு, இந்த உடுப்புல, துப்பாக்கியோட என்னைப் பாத்தா நீயும் பயப்படுவியா? மறக்காம பதில் போடு.”

அது கடுதாசியை மடிச்சிச்சு. மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கிச்சு.

“அண்ணா, ஆட்டுக்குட்டிக்கு வேற பேரு வச்சிட்டேன். வாட்ச் வேணாம். உன்னைப் பாத்து நான் எதுக்குண்ணா பயப்படப் போறேன்? நீ வந்திருந்தா ஓடியாந்து கட்டிப் புடிச்சிக்கினு இருப்பேன். லேட்டா பதில் போடறேன். கோச்சிக்காத.”

அவ்ளோதான். அதுக்கப்புறம் உண்மையாவே சத்தமில்ல. பஸ்ஸுக்குக் காத்திருந்தவங்கள்ல ஒரு பொம்பள முந்தானையால மொகத்தைப் பொத்திக்கிச்சு. நான் அழுதேன், மறைக்க ஒண்ணுமில்ல. கையை அசைக்கக் கூடாதுன்னு தொடைக்கல.

ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சிடுச்சு. ரத்னம் நைனார் நன்றி சொன்னாத்தான் எல்லாரும் அசையலாம். அவரு கண்ணை மூடிக்கினு நின்னாரு. சூரியன் ராஜகிரி உச்சியைத் தொட்டுச்சு. ஆறு பதினாலு ஆச்சு, ஆறு பதினஞ்சு ஆச்சு. மலைக்குப் பின்னாடி பொழுது எறங்கிப் போச்சு. டிபன் கேரியர் அங்கயே இருந்துச்சு. பார்த்திபன் ஒத்தக் கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாறணும்னு தவிச்சாரு, மாறல. லைட்டு போடற நேரத்துக்கு ரத்னம் நைனார் கண்ணைத் தொறந்து மைக்குகிட்ட வந்தாரு.

“வெற்றிவேல். செஞ்சி. யாழ்ப்பாணத்துல இறந்தாரு”ன்னாரு. “நன்றி.”

தனகோட்டி ஒரே தாவுல என்கிட்ட வந்துட்டாரு. “ஏன்யா மைக்கை ஆஃப் பண்ணல?”

“ஆஃப் பண்ணா கரண்ட் கட்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“கண்ணால சைகை காட்டினேனேய்யா!”

“காட்டுனீங்களா? நாலாவது விதியில கண்ணும் அசையக் கூடாது சார். பெருசு பண்ணாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாரு. ‘மௌன அஞ்சலி இரண்டு நிமிடம், எவ்வித இடையூறுமின்றிச் சிறப்பாக நடைபெற்றது’ன்னு எழுதி, ஒலி உறுப்பினர்னு என்கிட்டயும் கையெழுத்து வாங்குனாரு. போட்டேன். இடையூறு இல்லாமதான நடந்துச்சு.

நான் ஒயரைச் சுத்திக்கினு இருக்கும்போது ரத்னம் நைனார் கேரியரைக் கொண்டாந்து வளர்மதி கையில குடுத்தாரு. “எனக்கு இனிமே நாளைக்குக் காலையிலதாம்மா. இதை நீ எடுத்துக்கினு போ.”

வளர்மதிக்கு சங்கடமா போச்சு. “என்னால உங்க சாப்பாடு போச்சுங்களே.”

“போனா போவுது. நீ பதில் போட்டுட்ட இல்ல?”

“போட்டுட்டேங்க”ன்னுச்சு வளர்மதி. வல்லத்துக்குப் போற பஸ்ஸு ஹாரன் அடிச்சிச்சு. பையைத் தோள்ல மாட்டிக்கினு, கேரியரைக் கையில புடிச்சிக்கினு, என்னைப் பாத்து சிரிச்சிக்கினே போச்சு.